கைஃபிய்யத்தும் கைபீதும்: உருதுவில் மேலைத் தத்துவச் சொற்கள்

ஆங்கிலத்தின் ‘குவாலிட்டி’க்கு உருதுத் தத்துவ நூல்கள் தரும் சொல் ‘கைஃபிய்யத்’. அரபியில் ‘கைஃப்’ என்றால் ‘எப்படி’. அந்தக் கேள்விச் சொல்லோடு பண்பைக் காட்டும் விகுதி ஒட்டி ‘எப்படித்தன்மை’ ஆயிற்று. ஆங்கிலச் சொல்லின் மூலமான இலத்தீன் ‘குவாலிடாஸ்’ பிறந்த விதமும் இதுதான். ‘எத்தகைய’ என்று பொருள்படும் ‘குவாலிஸ்’ என்ற சொல்லை வைத்து சிசரோ அதைச் செய்தார். பிளேட்டோ கிரேக்கத்தில் அதேபோல் ஒரு கேள்வியிலிருந்து உண்டாக்கிய ‘பொயோடெஸ்’ என்ற சொல்தான் சிசரோவுக்கும் அரபி மொழிபெயர்ப்பாளர்களுக்கும் முன்மாதிரி. ஆக, ஆங்கிலச் சொல்லும் உருதுச் சொல்லும் ஒரே பாட்டன் வழிப் பங்காளிகள்.

அந்தக் கைஃபிய்யத் வகுப்பறையோடு நின்றுவிடவில்லை. தக்காணத்து அலுவலகங்களில் அது ‘நிலவரம்’, ‘நிலவர அறிக்கை’ என்ற பொருளில் புழங்கியது. நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி ஊர் ஊராகத் திரட்டிய உள்ளூர் வரலாறுகளுக்கு அதுவே பெயர்; தமிழ்ச் சுவடிகளில் ‘கைபீது’ என்று வருவது இந்தச் சொல்தான். இன்றைய உருதுப் பேச்சிலோ அது மனநிலையையும் ஒருவித மயக்கத்தையும் குறிக்கும். ஆங்கிலத் தத்துவத்தை உருதுவுக்குக் கொண்டுவர முனைந்தவர்களின் சிக்கல் இந்த ஒரு சொல்லிலேயே தெரிகிறது. அவர்கள் கையிலெடுத்த ஒவ்வொரு சொல்லிலும் அரிஸ்டாட்டிலோ, சூஃபியோ, சட்ட அறிஞரோ, கச்சேரிக் குமாஸ்தாவோ முன்பே குடியேறியிருந்தார்கள்.

முதல் குடியேற்றம் 9-ஆம் நூற்றாண்டுப் பாக்தாத்தில் நடந்தது. ஹுனைன் இப்னு இஸ்ஹாக், அவருடைய மகன் இஸ்ஹாக் முதலியோர் கிரேக்க நூல்களை சில சமயம் சிரியாக் வழியாகவும் சில சமயம் நேராகவும் அரபிக்கு மாற்றினார்கள். சில சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ‘ஃபிலோசோஃபியா’ ‘ஃபல்சஃபா’ ஆயிற்று. மூலப்பொருளைக் குறித்த ‘ஹைலே’ ‘ஹயூலா’ ஆயிற்று. வேறு சிலவற்றைக் கட்டமைப்போடு பெயர்த்தார்கள். அரிஸ்டாட்டிலின் ஏடுகளை அடுக்கியபோது இயற்பியலுக்குப் ‘பின்’ வந்த தொகுதிக்கு ‘மெடாஃபிசிக்ஸ்’ என்ற பெயர் அமைந்தது. அரபியில் அது ‘மா பஅத் அத்தபீஅத்’, அதாவது ‘இயற்கைக்குப் பின்னுள்ளது’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ந்தது. அலமாரி வரிசையில் பிறந்த பெயர் இன்றும் உருதுவில் ‘மா பஅதுத் தபீஇய்யாத்’ என்ற கம்பீரத்தோடு உலவுகிறது.

பெரும் தொல்லை தந்தது ‘இரு’ என்ற வினை. கிரேக்கத்தில் ‘அது வெள்ளையாக இருக்கிறது’ என்பதற்கும் ‘கடவுள் இருக்கிறார்’ என்பதற்கும் ஒரே வினைதான். அரபியில் முதல் வாக்கியத்துக்கு வினையே வேண்டாம். தமிழில் ‘அது வெள்ளை’ என்று முடிப்பதுபோல் முடித்துவிடலாம். உளதாதலைக் குறிக்க ‘கண்டெடுத்தல்’ என்ற வினையடியிலிருந்து ‘வுஜூத்’, ‘மவ்ஜூத்’ என்ற சொற்களை எடுத்தார்கள். இருப்பது என்றால் காணக் கிடைப்பது. 950-இல் மறைந்த அல்ஃபாராபி, பாரசீகத்தின் ‘ஹஸ்த்’ போல ஒரு சொல் அரபியில் இல்லாததைத் தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். உருது இந்த விஷயத்தில் மூன்று சொத்துக்கு வாரிசு: அரபியின் ‘வுஜூத்’, பாரசீகத்தின் ‘ஹஸ்தீ’, நாட்டு வினையான ‘ஹோனா’. கவிஞர்கள் மூன்றையும் தாராளமாகச் செலவழித்தார்கள். தத்துவ ஆசிரியர்கள் ஏனோ முதல் சொல்லையே கட்டிக்கொண்டார்கள்.

ஒரு பொருளின் சாரத்தைக் குறிக்கும் ‘மாஹிய்யத்’ இன்னும் சுவையானது. ‘மா ஹிய’ என்றால் ‘அது என்ன’. 12-ஆம் நூற்றாண்டில் தத்துவஞானி இப்னு சீனாவின் அரபி நூல்களை இலத்தீனுக்குக் கொண்டுசென்றவர்கள், ‘என்ன’ என்று பொருள்படும் ‘குவித்’ என்ற சொல்லிலிருந்து ‘குவித்திதாஸ்’ என்று இதற்கு இணை செய்தார்கள். அது ஆங்கிலத்தில் ‘குவித்திட்டி’ ஆனது. 20-ஆம் நூற்றாண்டு உருது மொழிபெயர்ப்பாளர் ஆங்கில நூலில் அதைக் கண்டு ‘மாஹிய்யத்’ என்று எழுதியபோது, ஐரோப்பா சென்ற சொல் எழுநூறு ஆண்டுக்கும் மேல் கழித்து வீடு திரும்பியது.

இந்தச் சொற்கள் இந்தியாவில் வேரூன்றியது மதரஸாக்களில். 1748-இல் மறைந்த முல்லா நிஜாமுத்தீன் இலக்னோவின் ஃபிரங்கி மஹலில் வகுத்த ‘தர்ஸெ நிஜாமி’ பாடத்திட்டம் வட இந்தியா முழுவதும் பரவியது. அதில் கல்வி இரண்டு பிரிவு. அறிவால் ஆராய்வன ‘மஅகூலாத்’; தலைமுறை வழியாகப் பெறப்படுவன ‘மன்கூலாத்’. இரண்டாவதன் வேர்ச்சொல் ‘நக்ல்’. பத்திர அலுவலகத்தில் தமிழர் கேட்டு வாங்கும் ‘நகல்’ அதுவேதான். ஃபிரங்கி மஹல் அறிஞர்கள் முதல் பிரிவில் பேர்பெற்றவர்கள். பிஹாரைச் சேர்ந்த முஹிப்புல்லாஹ் எழுதிய ‘சுல்லமுல் உலூம்’ என்ற தருக்க நூலுக்கு உரைக்கு மேல் உரை எழுந்தது. அப்படி உரை எழுதியவர்களில் நிஜாமுத்தீனின் மகன் அப்துல் அலீயும் ஒருவர். ‘பஹ்ருல் உலூம்’, கல்விக்கடல், என்று பட்டம் பெற்ற அவர் ஆர்க்காட்டு நவாபின் ஆதரவில் சென்னைக்கு வந்து 1810-இல் இங்கேயே காலமானார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அவர் அடக்கத்தலம் இருக்கிறது. அரிஸ்டாட்டிலின் தருக்கம் அரபி உடையில் சென்னைக்கு வந்த வழிகளில் அது ஒன்று.

மதரஸா தருக்கத்தின் கலைச்சொற்கள் மிகத் துல்லியமானவை. ஒன்றை மனத்தில் உருவாக்கிக்கொள்வது ‘தசவ்வுர்’. அதைப் பற்றி ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ தீர்ப்பது ‘தஸ்தீக்’. காரணத்திலிருந்து காரியத்துக்குப் போகும் நிரூபணம் ‘லிம்மீ’. ‘லிம’ என்றால் ‘ஏன்’. காரியத்திலிருந்து காரணத்துக்குத் திரும்புவது ‘இன்னீ’. ‘இன்ன’ என்றால் ‘திண்ணமாக’. நெருப்பைக் கண்டு புகையை முடிவுசெய்தால் முதலாவது; நம் நியாய நூல்களின் மலையில் புகையைக் கண்டு நெருப்பை முடிவுசெய்தால் இரண்டாவது. இடைக்கால ஐரோப்பாவின் ‘ஆ பிரியோரி’, ‘ஆ போஸ்டீரியோரி’ என்ற இணையும் இதே பொருளில்தான் வழங்கியது. காண்ட் வந்து அனுபவத்துக்கு முன், அனுபவத்துக்குப் பின் என்று அதன் பொருளைத் திருப்பிவிட்டபின் லிம்மீயும் இன்னீயும் பொருந்தாமல் போயின.

தானா பவனைச் சேர்ந்த முஹம்மது அஅலா 1745-இல் முடித்த கலைச்சொல் அகராதி ‘கஷ்ஷாஃபு இஸ்திலாஹாத்தில் ஃபுனூன்’ இந்த உலகம் முழுவதையும் ஒரே இடத்தில் தொகுத்தது. நூற்றாண்டு கழித்து கல்கத்தாவில் அதை அச்சேற்றும் பணிக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் அலாய்ஸ் ஸ்பிரெங்கர் என்ற ஆஸ்திரியர். அதற்கு முன் 1845 முதல் அவர் தில்லிக் கல்லூரியின் முதல்வர். உருதுவின் அடுத்த அத்தியாயம் அந்தக் கல்லூரியில்தான் தொடங்குகிறது.

அஜ்மீரி வாயில் அருகே காஜியுத்தீன் மதரஸாவில் 1825-இல் அமைந்த தில்லிக் கல்லூரியில் மேலை அறிவியலும் கணிதமும் உருதுவிலேயே கற்பிக்கப்பட்டன. ஸ்பிரெங்கருக்கு முன் முதல்வராக இருந்த பிரெஞ்சுக்காரர் ஃபெலிக்ஸ் பூத்ரோ பாடநூல்களுக்காக ஒரு மொழிபெயர்ப்புச் சங்கம் அமைத்து அதற்கு விதிகளும் வகுத்தார். உருதுவில் இணையில்லாத தனிச்சொல்லை ஆங்கிலத்தில் உள்ளபடியே எடுத்துக்கொள்ளலாம் என்பது அவற்றில் ஒன்று. சோடியத்துக்கும் குளோரினுக்கும் இது போதும். தத்துவத்துக்குப் போதாது. சோடியம் உருதுவுக்குப் புதிது. ‘காரணம்’, ‘உள்ளது’, ‘அறிவு’ ஆகியவற்றைப் பற்றி எல்லாரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அக்கல்லூரி மாணவரான நஜீர் அஹ்மது பின்னாளில் இந்திய தண்டனைச் சட்டத்தை உருதுவாக்கிய குழுவில் இருந்தார். 1871-இல் ‘மபாதியுல் ஹிக்மத்’ என்ற தருக்க நூலையும் எழுதினார். மதரஸா தருக்கத்தை எளிய உருதுவில் சொல்ல முடியும் என்று காட்டிய முன்னோடி நூல்களில் அது ஒன்று.

ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்தால் என்ன ஆகும் என்பதை சர் சையத் அஹ்மது கானின் அனுபவம் காட்டியது. 1864-இல் காஜிப்பூரில் அறிவியல் சங்கம் தொடங்கி அதை அலிகருக்குக் கொண்டுசென்ற அவர், மொழிபெயர்ப்பின் தீவிர ஆதரவாளர். உருதுவில் இயற்கைக்குச் சொற்பஞ்சம் இல்லை: ‘ஃபித்ரத்’, ‘குத்ரத்’, ‘தபீஅத்’ என மூன்று இருந்தன. ஆனால் முதலாவது படைப்பிலேயே வாய்த்த இயல்பு, இரண்டாவது இறைவனின் ஆற்றல், மூன்றாவது உடல் மனச் சுபாவம். 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பா சொன்ன, விதிகளுக்குக் கட்டுப்பட்டு இயங்கும் இயற்கை, இவற்றில் எதிலும் முழுதாக அடங்கவில்லை. சர் சையத் இவற்றைப் பயன்படுத்தியதோடு ‘நேச்சர்’ என்ற ஆங்கிலச் சொல்லையும் உருது எழுத்தில் எழுதினார். இறைவனின் வாக்கும் இறைவனின் செயலான நேச்சரும் முரண்பட முடியாது என்பது அவர் வாதம். எதிரிகளுக்கு அந்த அந்நியச் சொல்லே ஆயுதமாகக் கிடைத்தது. அவரையும் அவர் கூட்டத்தையும் ‘நேச்சரி’ என்றார்கள். ஹைதராபாத்தில் தங்கியிருந்த ஜமாலுத்தீன் அஃப்கானி 1881-இல் நேச்சரிகளுக்கு மறுப்பாகப் பாரசீகத்தில் ஒரு சிறுநூலே வெளியிட்டார். மொழிபெயர்க்காமல் விட்ட ஒரு சொல் வசைச்சொல்லாக மாறிய விந்தை இது.

கலைச்சொல்லுக்கு உருதுவில் ‘இஸ்திலாஹ்’ என்று பெயர். சமாதானத்தைக் குறிக்கும் ‘ஸுல்ஹ்’ என்ற சொல்லோடு வேர்வழி உறவு அதற்கு. பலர் கூடி ஒத்துக்கொண்டது என்று பொருள். ஒத்துக்கொள்வது அத்தனை எளிதாக நடக்கவில்லை. 1913-இல் கல்கத்தாவிலிருந்து அபுல் கலாம் ஆஜாத் நடத்திய ‘அல்ஹிலால்’ இதழில் நடந்த வாக்குவாதத்தை உருது அறிஞர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். எதிர்த்தரப்பு, மில்லையும் ஸ்பென்சரையும் படித்து உளவியலில் மூழ்கியிருந்த இளைஞர் அப்துல் மாஜித் தரியாபாதி. ஆங்கிலத்தின் ‘பிளெஷர்’, ‘பெயின்’ என்ற இணைக்கு அவர் ‘ஹஜ்ஜ்’, ‘கர்ப்’ என்று எழுதினார். ‘லஜ்ஜத்’, ‘அலம்’ என்பனவே பொருத்தம் என்றார் ஆஜாத். அரபியில் ‘ஹஜ்ஜ்’ என்பதன் பொருள் பங்கு, பேறு. அதற்கு இன்பம் என்ற பொருள் இல்லை என்பது அவர் வாதத்தின் முனை. தரியாபாதியின் பக்கமும் நியாயம் இருந்தது: உருது பேசுபவர் ‘ஹஜ்ஜ்’ என்றால் இன்பத்தையே நினைக்கிறார், மகிழ்ந்துபோனவரை ‘மஹ்ஜூஜ்’ என்கிறார்.

இரண்டு சொல்லைப் பற்றிய சண்டை இதழுக்கு இதழ் நீண்டது வீம்பினால் மட்டும் என்று தள்ளிவிட முடியாது. உருதுச் சொல்லின் பொருளை அரபி அகராதி தீர்மானிக்க வேண்டுமா, உருது நாவு தீர்மானிக்க வேண்டுமா என்பதே அங்கே வழக்கு. தமிழில் ‘நாற்றம்’ என்ற சொல்லைச் சங்க இலக்கியப் பொருளில் பாடநூலில் எழுதலாமா என்று கேட்டால் எழும் தகராறுக்கு இணையானது அது. (தகராறும் அரபியிலிருந்து வந்ததுதான், ‘தக்ரார்’ என்றால் திரும்பத் திரும்பச் சொல்வது.)

நான்கு ஆண்டுக்குப் பின் அந்த வழக்கு ஓர் அரசு அலுவலகத்தின் அன்றாட வேலையாக மாறியது. ஹைதராபாத் நிஜாம் மீர் உஸ்மான் அலீ கான் 1917-இல் உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்ட உஸ்மானியா பல்கலைக்கழகத்துக்கு ஆணை பிறப்பித்தார். வகுப்புகள் 1919-இல்தான் தொடங்கின. பாடநூல்களுக்கான ‘தாருத் தர்ஜுமா’ என்ற மொழிபெயர்ப்பகம் அதற்கு முன்பே, 1917-இலேயே வந்துவிட்டது. முதல் பொறுப்பாளர் மவுல்வி அப்துல் ஹக். 1903-இல் தோன்றிய ‘அஞ்சுமன் தரக்கியெ உருது’ என்ற உருது வளர்ச்சிச் சங்கத்தின் செயலாளரும் அவரே. தத்துவப் பகுதிக்கு அழைக்கப்பட்டவர் அதே தரியாபாதி. சிறிது காலமே இருந்தார்.

மொழிபெயர்ப்பாளர் ஒருபுறம், துறை வல்லுநரும் மொழி வல்லுநரும் அமர்ந்த கலைச்சொல் குழு இன்னொரு புறம் என வேலை நடந்தது. குழுவில் விரைவிலேயே இரண்டு கட்சி உருவாயிற்று. எல்லாச் சொல்லையும் அரபி வேரிலிருந்தே செய்ய வேண்டும் என்றது ஒன்று. உருதுவுக்குள் கலந்துள்ள பாரசீகம், ஹிந்தி எல்லாவற்றிலிருந்தும் எடுக்கலாம் என்றது மற்றது. இரண்டாம் கட்சியின் வலுவான குரல் பானிபத்தைச் சேர்ந்த வஹீதுத்தீன் சலீம். 1921-இல் வெளிவந்த அவருடைய ‘வஸ்ஏ இஸ்திலாஹாத்’ சொல்லாக்கம் பற்றியே எழுதப்பட்ட தனி நூல். உருது ஆரிய மொழிக் குடும்பத்தது, அதற்கு முன்னொட்டும் பின்னொட்டும் கூட்டுச்சொல்லும் இயல்பு, அரபி அச்சில் வார்ப்பது அதன் இயற்கைக்கு மாறானது என்பது அதன் அடிப்படை. மக்கள் தாமாகவே ‘கபூல்’ என்ற பெயரிலிருந்து ‘கபூல்னா’ என்றும், ‘பதல்’ என்ற பெயரிலிருந்து ‘பதல்னா’ என்றும் வினை செய்துகொண்டார்கள். அறிஞர்களுக்கு மட்டும் அந்தத் துணிவு ஏன் இல்லை என்பது நியாயமான கேள்விதான். (இந்த ‘பதல்’தான் தமிழில் ‘பதில்’.)

சலீமுடைய நூல் பேர்பெற்றது. ஆனால் தத்துவத்தில் வென்றது அரபிக் கட்சி. அதற்குக் காரணம் ‘இய்யத்’ என்ற ஒரு விகுதி. எந்தச் சொல்லின் பின்னும் ஒட்டும் அது, ஆங்கிலத்தின் ‘இசம்’ வரும் இடமெல்லாம் போய் அமர்ந்தது. பொருளைக் குறிக்கும் ‘மாத்தா’விலிருந்து பொருள்முதல்வாதத்துக்கு ‘மாத்திய்யத்’. அனுபவ சோதனையைக் குறிக்கும் ‘தஜ்ரிபா’விலிருந்து அனுபவவாதத்துக்கு ‘தஜ்ரிபிய்யத்’. பயனைக் குறிக்கும் ‘இஃபாதா’விலிருந்து பயன்பாட்டுவாதத்துக்கு ‘இஃபாதிய்யத்’. அதன் பன்மை வடிவான ‘இய்யாத்’ துறைப்பெயர்களைத் தந்தது: உளவியல் ‘நஃப்ஸிய்யாத்’, அழகியல் ‘ஜமாலிய்யாத்’, அறவியல் ‘அக்லாக்கிய்யாத்’. தமிழில் ‘இயல்’ செய்த வேலையை உருதுவில் இது செய்தது. இத்தனை வசதியான அச்சு கையில் இருக்கையில் சலீமின் கூட்டுச்சொற்களை யார் தேடுவார்கள்?

தாருத் தர்ஜுமாவிலும் அதைச் சுற்றியும் வேலை செய்தவர்களின் பட்டியல் வியப்பூட்டுவது. இலக்னோவின் கணிகை ஒருத்தியின் கதையைச் சொல்லும் ‘உம்ராவ் ஜான் அதா’வை 1899-இல் எழுதிய மிர்ஜா ஹாதி ருஸ்வா அங்கே அரிஸ்டாட்டிலின் அறவியலை உருதுவாக்கினார், 1931-இல் ஹைதராபாத்திலேயே இறந்தார். நாவலை அவர் கைச்செலவுக்கும் தத்துவத்தை மனநிறைவுக்கும் எழுதினார் என்று சொல்லத் தோன்றும். உலகம் நாவலையே வைத்துக்கொண்டது. உஸ்மானியாவின் தத்துவப் பேராசிரியர் கலீஃபா அப்துல் ஹகீம் வெபர், ஹோஃப்டிங் இருவரின் தத்துவ வரலாறுகளை மொழிபெயர்த்தார். அப்துல் பாரி நத்வி பெர்க்லியையும் ஹியூமையும் தெகார்த்தையும் எடுத்துக்கொண்டார். 17-ஆம் நூற்றாண்டு ஈரானிய மேதை முல்லா சத்ராவின் பெருநூலை அரபியிலிருந்து பெயர்த்தவர்களில் பிற்காலத்தில் அரசியலில் பெயர்பெற்ற அபுல் அஅலா மவுதூதியும் ஒருவர். ஒரே கூரையின் கீழ் ஒருவர் ஹியூமையும் இன்னொருவர் சத்ராவையும் ஒரே சொற்களைக்கொண்டு எழுதினார்கள் என்பதே அந்த இடத்தின் தனித்தன்மை.

அஞ்சுமன் தன் பங்குக்கு வெளியிட்டவற்றில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜாகிர் ஹுசைன் பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலை ‘ரியாசத்’ என்ற பெயரில் தந்தார். அரசு என்பதற்கு அது சரியான சொல்லே. ஆனால் அக்கால வாசகருக்கு ரியாசத் என்றால் சமஸ்தானம். மன்னருக்குப் பதில் தத்துவஞானி ஆளும் சமஸ்தானத்தை நிஜாமின் பிரஜைகள் எப்படிக் கற்பனை செய்தார்களோ! ஆபித் ஹுசைன் காண்டின் முதல் விமரிசன நூலை ‘தன்கீதெ அக்லெ மஹ்ஸ்’, தூய அறிவின் விமரிசனம், என்று மொழிபெயர்த்தார். பாரசீக, உருதுக் கவிதையில் ‘அக்ல்’ என்ற அறிவு, ‘இஷ்க்’ என்ற காதலிடம் நூற்றாண்டுக் கணக்காகத் தோற்றுவரும் பாத்திரம். அந்த மரபில் வந்த வாசகர் காண்டின் தலைப்பைப் பார்த்ததும் சூஃபிகளின் பழைய வழக்கு ஜெர்மனியிலும் நடந்திருக்கிறது என்றே எண்ணியிருப்பார். காண்டையும் இஸ்லாமிய இறையியலாளர் கஸ்ஸாலியையும் அருகருகே வைத்துப் பேசிய கவிஞர் இக்பாலைப் போன்றவர்களுக்கு அது அத்தனை தவறாகவும் படாது.

பழைய குடித்தனக்காரர் புதியவருக்கு இடம் கொடுத்து ஒத்துப்போன இடங்கள் உண்டு. 1869-இல் ஹக்ஸ்லி ‘அக்னாஸ்டிக்’ என்ற சொல்லைப் புதிதாகப் புனைந்தார். கடவுளைப் பற்றி அறியோம், அறிய வழியும் இல்லை என்பவரைக் குறிக்க ஆங்கிலத்தில் அதுவரை தனிச்சொல் இல்லை. உருதுவிலோ ‘லா அத்ரிய்யா’ தயாராக இருந்தது. ‘லா அத்ரீ’ என்றால் ‘நான் அறியேன்’. மதரஸாக்களில் பாடமாக இருந்த, தஃப்தாஸானியின் 14-ஆம் நூற்றாண்டு நூலில், எதையும் உறுதியாக அறிய முடியாது என்று வாதிடும் கூட்டத்துக்கு அந்தப் பெயர் இருந்தது. விகுதியைச் சற்றுத் திருத்தி ‘லாஅத்ரிய்யத்’ என்றதும் ஹக்ஸ்லியின் கொள்கைக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

ஒத்துப்போகாத இடங்கள் இன்னும் அதிகம். தருக்கத்தில் ‘கியாஸ்’ என்பது இரண்டு முற்கோளிலிருந்து முடிவு பெறும் முறை. மார்க்கச் சட்டத்தில் அது ஒப்புமை கொண்டு தீர்ப்பது. சட்ட மூலங்கள் நான்கில் ஒன்றாகத் தமிழ் முஸ்லிம்களும் அதை அறிவார்கள். சாதாரண உருதுவில் வெறும் ஊகம். மிக உறுதியான வாதமுறைக்கும் மிக நொய்தான அனுமானத்துக்கும் ஒரே பெயர். ‘ஜமீர்’ என்றால் மனசாட்சி. இலக்கண வகுப்பில் அதுவே பிரதிப்பெயர். அகவயம் என்பதற்கு ‘மவ்ஜூயீ’, புறவயம் என்பதற்கு ‘மஅரூஜீ’ என்று பாடநூல்கள் எழுதின. ‘மவ்ஜூ’ அன்றாடப் பேச்சில் தலைப்பு, பேசுபொருள். நபிமொழி ஆய்விலோ இட்டுக்கட்டப்பட்டது. அகவயமான அறிவு என்று ஒருவர் எழுத, புனைந்துரைத்த அறிவு என்று இன்னொருவர் படிக்க இடம் உண்டு. இலக்கிய விமரிசகர்கள் தம் பங்குக்கு உள், வெளி என்ற பொருளில் ‘தாகிலி’, ‘காரிஜி’ என்று எழுதினார்கள். காரிஜி என்பது இஸ்லாமிய வரலாற்றில் பிரிந்துபோன ஒரு பிரிவின் பெயரும்கூட.

‘ஐடியலிசம்’ மூன்று சொல்லாகச் சிதறியது. பிளேட்டோவை நினைத்தவர்கள் ‘மிசாலிய்யத்’ என்றார்கள். மிசால் என்பது முன்மாதிரி. பெர்க்லியை நினைத்தவர்கள் ‘தசவ்வுரிய்யத்’ என்றார்கள். மூன்றாவது ‘ஐனிய்யத்’. ‘ஐன்’ என்றால் கண், ஊற்று, அதுவே தான், சாரம் என்று பல பொருள். இப்னு அரபியின் மெய்ஞ்ஞானத்தில் இறையறிவில் நிலைபெற்ற வடிவங்களையும் குறிக்கும். ஆங்கிலத்தில் ஒரே சொல் மறைத்துவைத்திருந்த வேறுபாட்டை உருதுவின் குழப்பம் வெளியே கொண்டுவந்தது என்றும் இதைப் பார்க்கலாம்.

‘வுஜூதிய்யத்’ பட்ட பாடு தனி. சார்த்தரின் இருத்தலியல் உருது எழுத்தாளர்களிடையே பரவியபோது அதற்கு இந்தப் பெயர் வந்தது. ஆனால் ‘வுஜூதி’ என்பவர் உருதுவில் முன்பே இருந்தார். உள்ளது ஒன்றே என்ற ‘வஹ்தத்துல் வுஜூத்’ கொள்கையை ஏற்ற சூஃபி அவர். 1624-இல் மறைந்த ஷைக் அஹ்மது சிர்ஹிந்தியின் காலம் முதல் அவரைப் பற்றிய விவாதம் ஓயவில்லை. எல்லா இருப்பும் ஒன்றே என்பவருக்கும், துணையின்றித் தனித்து எறியப்பட்ட மனிதனைப் பற்றிப் பேசியவருக்கும் ஒரே பட்டம் கிடைத்தது. சிலர் ‘மவ்ஜூதிய்யத்’ என்று மாற்றி எழுதிப் பார்த்தார்கள். அது பரவலாக நிலைக்கவில்லை.

நெடும்பயணம் போன சொல் ‘ஜவ்ஹர்’. பாரசீகத்தின் ‘கவ்ஹர்’ என்பதன் அரபி வடிவம், மணி, மாணிக்கம். அரிஸ்டாட்டிலின் ‘ஊசியா’வுக்கு, ஆங்கிலத்தில் ‘சப்ஸ்டன்ஸ்’ எனப்படும் தனிநிலைப் பொருளுக்கு, பாக்தாத் மொழிபெயர்ப்பாளர்கள் இதைச் சூட்டினார்கள். பொருளின் மேல் வந்துபோகும் நிறம், அளவு முதலியன ‘அரஸ்’. இஸ்லாமிய இறையியலாளர்கள் மேலும் பிரிக்க முடியாத துகளை ‘ஜவ்ஹரெ ஃபர்த்’ என்றார்கள். அந்தப் பழைய துகள்தான் நவீன இயற்பியலின் அணுவுக்கு இடம் கொடுத்தது. அணுசக்தி உருதுவில் ‘ஜவ்ஹரி தவானாயி’. நகை வணிகரும் ஜவ்ஹரிதான். பன்மையான ‘ஜவாஹிர்’ நேருவின் பெயரில் இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்கள் பழம்பொருளோடு ஒத்துப்போகவோ ஒதுங்கவோ முயன்றபோது, ஒருவர் மட்டும் ஒரு சொல்லின் பொருளை நேருக்கு நேர் மாற்ற முனைந்தார். ‘குதீ’ என்றால் தன்முனைப்பு, அகந்தை. சூஃபி நூல்களில் அழிக்க வேண்டியவற்றில் முதலாவது. முஹம்மது இக்பால் 1915-இல் வெளியிட்ட பாரசீகக் காவியம் ‘அஸ்ராரெ குதீ’யில் அதைத் தனிமனிதனின் சுயம் என்ற பொருளில் போற்றினார். வழக்கமான செருக்கு என்ற பொருளில் இதை ஆளவில்லை என்று முன்னுரையில் விளக்கவும் வேண்டியிருந்தது. சூஃபிகள் தரப்பில் கண்டனம் எழுந்தது. ஆனால் சொல் நின்றுவிட்டது. இன்று பள்ளி மாணவருக்கும் குதீ என்றால் முதலில் இக்பால் சொன்ன பொருளே நினைவுக்கு வருகிறது. எந்தக் குழுவாலும் சாதிக்க முடியாததை ஒரு கவிஞர் சாதித்தார் என்பது கலைச்சொல் குழுக்களுக்கு உவப்பான செய்தி அல்ல.

அதே இக்பால் தத்துவ உரைகளை ஆங்கிலத்தில் எழுதினார். இஸ்லாமியச் சமயச் சிந்தனையின் மறுசீரமைப்பு பற்றிய அந்த உரைகளில் மூன்றை 1929 ஜனவரியில் சென்னையில் நிகழ்த்தினார். அங்கே அவர் ‘ஈகோ’ என்று சொன்னதை உருதுவில் ‘குதீ’ என்று திருப்புவது எளிது. பெர்க்சன், ஒயிட்ஹெட், ஐன்ஸ்டீன் ஆகியோரைப் பற்றிய பக்கங்கள் எளிதல்ல. இக்பால் உயிரோடு இருந்தபோதே தொடங்கிய சையத் நஜீர் நியாஜியின் மொழிபெயர்ப்பு ‘தஷ்கீலெ ஜதீத் இலாஹிய்யாத்தெ இஸ்லாமிய்யா’ லாகூரில் வெளிவர 1958 ஆயிற்று. உருது வாசகர்கள் பலர் அதைப் படிக்கத் தடுமாறி ஆங்கில மூலத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். அரபிச் சொல்லாக்கம் அந்த அளவுக்கு இறுகியிருந்தது.

ஹைதராபாத் முயற்சி 1948-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைக்கப்பட்டதும் முடிவுக்கு வந்தது. உஸ்மானியா ஆங்கிலத்துக்கு மாறியது. 1937-இல் பெரிய ஆங்கில உருது அகராதியை வெளியிட்ட அப்துல் ஹக் பிரிவினைக்குப் பின் கராச்சி சென்று, 1961-இல் மறையும் வரை அங்கே அஞ்சுமனை நடத்தினார். 1979-இல் அமைந்த தேசிய மொழி ஆணையம் பாகிஸ்தானில் இப்பணியைத் தொடர்ந்தது; ஜமீல் ஜாலிபி தொகுத்த அகராதி அதன் பெரிய விளைவு. இதற்கிடையே அலீ அப்பாஸ் ஜலால்பூரி போன்றவர்கள் பொதுவாசகருக்கு எளிய உருதுவில் தத்துவ நூல்கள் எழுதி, குழுக்களின் சொற்களில் பேசக்கூடியவற்றை மட்டும் பொறுக்கிக்கொண்டார்கள். எல்லைக்கு இப்பால் ஹிந்தி, காசி நாகரி பிரசாரிணி சபையின் 1906-ஆம் ஆண்டுக் கலைச்சொல் தொகுதி முதலே சமஸ்கிருத வழியில் போயிற்று. உருதுக்காரர் ‘ஃபல்சஃபா’ என்பதை ஹிந்திக்காரர் ‘தர்சன்’ என்கிறார். ‘ஜவ்ஹர்’ அங்கே ‘திரவ்ய’. கடைவீதியில் சிரமமின்றிப் பேசிக்கொள்ளும் இருவர் ஒருவர் மற்றவரின் தத்துவப் பாடநூலைப் படிக்க முடியாது.

வகுப்பறையில் இன்று உருது ஆசிரியர் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்: முதலில் ‘எக்சிஸ்டென்ஷியலிசம்’, பிறகு ‘யஅனீ வுஜூதிய்யத்’. ‘யஅனீ’ என்றால் ‘அதாவது’. தெருவில் ‘ஃபல்சஃபா’வுக்கு வேறு வாழ்க்கை. தேவையில்லாமல் நீட்டி முழக்குபவரைப் பார்த்து ‘ஃபல்சஃபா பகார்னா’ என்பார்கள். ‘பகார்னா’ என்பது பருப்புக்குத் தாளிப்பது. ‘மந்திக்’ என்ற தருக்கத்தையும் அதே வாணலியில் தாளிப்பதுண்டு.